பன்னிரண்டு கோல் போதவில்லை

நான் ஜேர்மனிக்கு வந்து முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது மொன்ஷன்கிளாட்பாக்கில், துணிக்குச் சாயம் போடும் ஒரு தொழிற்சாலையில். 1987ஆம் ஆண்டு. டொச் மொழியில் இலக்கங்களைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக விளங்காத காலம் அது. பக்கத்து இயந்திரத்தில் நின்றவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு இலக்கம் மட்டும்தான் விளங்கும் என்று கண்டுகொண்டதும், இலக்கங்களாலேயே என்னோடு கதைக்கத் தொடங்கினார். ஒருநாள் தேநீர் இடைவேளையில் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் 12:0 என்று எழுதினார். அதற்குக் கீழே 5:0. பிறகு மூன்று விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நீட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கணக்கு எனக்கு முழுதாக விளங்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

1978 ஏப்ரல் 29. ஜேர்மன் உதைபந்தாட்டத்தின் முதற்பிரிவு லீக்கான பூண்டஸ்லீகாவில் அந்தப் பருவத்தின் கடைசி நாள். கோல்ன் அணியும் பொருசியா மொன்ஷன்கிளாட்பாக் அணியும் ஒரே புள்ளியில் நின்றன. பட்டத்தைத் தீர்மானிக்கவிருந்த கோல் வித்தியாசத்தில் (அடித்ததில் வாங்கியதைக் கழித்தால் வருவது) கோல்ன் பத்துக் கோல் முன்னால். பத்துக் கோலை ஒரே நாளில் எட்டிப் பிடிப்பது நடக்கிற காரியமல்ல என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, கிளாட்பாக் டோர்ட்முண்டைச் சந்தித்தது. சொந்த மைதானமான பொக்கல்பேர்க்கில் திருத்த வேலை நடந்ததால் ஆட்டம் டூசல்டோர்ஃபுக்குப் போயிருந்தது. முதலாவது நிமிடத்திலேயே ஒரு கோல். இடைவேளைக்கு 6:0. முடிவில் 12:0. பூண்டஸ்லீகா வரலாற்றில் அதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை இல்லை. ஆனால் அதே நேரத்தில் ஹம்பேர்க்கில் கோல்ன், சான்ட் பவுலியை 5:0 என்று வென்றது. இரண்டு அணிகளும் அந்தப் பருவத்தில் அடித்த கோல்கள் சரியாக 86. வாங்கிய கோல்களில் கிளாட்பாக்கிற்கு மூன்று கூட. அந்த மூன்றுதான் என் நண்பர் நீட்டிய மூன்று விரல்.

பன்னிரண்டில் ஐந்தை அடித்தவர் யுப் ஹைன்கெஸ். அந்த முதலாவது நிமிடக் கோலும் அவருடையதே. வீரராக அவருக்கு அதுதான் கடைசி பூண்டஸ்லீகா ஆட்டம். ஒரு மனிதன் தன் கடைசி ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்து, அணி பன்னிரண்டு அடித்து, அப்படியும் கிண்ணமில்லாமல் வீடு போகிறான். எனக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போனது அந்த நாட்காட்டித் தாளிலிருந்துதான்.

ஹைன்கெஸ் இந்த ஊர்க்காரர். போர் முடிந்த மறுநாள், 1945 மே 9இல் பிறந்தவர். தகப்பன் கொல்லர். பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவது. சுவருக்கும் கூரைக்கும் சாந்து பூசும் தொழிலை முறைப்படி கற்றவர். எங்கள் தொழிற்சாலையில் அவரைப் பற்றிப் பேசும்போது யாரும் குடும்பப் பெயரைச் சொன்னதில்லை. "எங்கட யுப்" என்றுதான் சொல்வார்கள். ஊரில் ஒரு பிள்ளை முன்னுக்கு வந்தால் நாங்கள் சொல்வோமே, அதே உரிமை அந்தச் சொல்லில் இருந்தது.

இடையில் ஹனோவரில் மூன்று பருவங்கள் விளையாடியது தவிர, வீரராக அவருடைய வாழ்க்கை முழுவதும் கிளாட்பாக்கில்தான். நான்கு லீக் பட்டங்கள்: 1971, 1975, 1976, 1977. 369 ஆட்டங்களில் 220 கோல்கள். இன்றைக்கும் பூண்டஸ்லீகாப் பட்டியலில் கேர்ட் முல்லர், லெவன்டோவ்ஸ்கி, கிளாவுஸ் ஃபிஷர் என்ற மூவர்தான் அவருக்கு மேலே. 1974இல் முப்பது கோல் அடித்து அதிக கோல் அடித்தவர் என்ற பெயரை முல்லரோடு பங்குபோட்டார். அடுத்த வருடம் 27 அடித்துத் தனியாகவே எடுத்தார். அந்த 1975இல் ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூஃபா கிண்ண இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் ஹொலண்டின் ட்வென்ட அணியை அவர்களுடைய மைதானத்திலேயே 5:1 என்று கிளாட்பாக் வென்றது. அதில் மூன்று ஹைன்கெஸ் அடித்தவை.

ஆனால் இந்த வெற்றிகளுக்கு நடுவே மயிரிழையில் தவறியவையும் நிறைய. 1971 ஒக்டோபரில், நாடுகளின் லீக் சாம்பியன்கள் மோதும் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், இன்டர் மிலானைக் கிளாட்பாக் 7:1 என்று அடித்து நொறுக்கியது. அந்த ஆட்டத்தில் பார்வையாளர் பக்கத்திலிருந்து பறந்துவந்த ஒரு கோலா டின் இத்தாலிய வீரர் பொனின்சேன்யாவின் மேல் பட்டது. அவர் விழுந்தார், வெளியே தூக்கிப் போனார்கள், ஆட்டமே செல்லாது என்று ஐரோப்பியச் சம்மேளனம் அறிவித்தது. மிலானில் 4:2 தோல்வி. பேர்லினில் திரும்ப ஆடிய ஆட்டம் 0:0. ஒரு டின்னால் ஐரோப்பியக் கிண்ணம் போனது என்று இந்த ஊர் இன்னமும் சொல்கிறது. 1973 ஜேர்மன் கிண்ண இறுதியில் ஹைன்கெஸ் ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். மாற்று வீரராக வெளியே உட்கார்ந்திருந்த குந்தர் நெட்சர் மேலதிக நேரத்தில் தானாகவே எழுந்து களத்துக்குள் போய் அடித்த கோல் அன்று அவரைக் காப்பாற்றியது. நெட்சரின் அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். தவறிய பெனால்டியை யாரும் சொல்வதில்லை. 1974 உலகக் கிண்ண அணியில் இருந்தார், முதலிரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு களம் இறங்கவில்லை. 1977இல் ரோமில் ஐரோப்பியக் கிண்ண இறுதிவரை போய் லிவர்பூலிடம் 3:1 என்று தோற்றார்கள்.

1979இல் கிளாட்பாக்கின் பயிற்சியாளரானார். வயது 34. அதற்கு முன் ஊடோ லாட்டெக்குக்கு உதவியாக இருந்தவர். முதல் பருவத்திலேயே யூஃபா கிண்ண இறுதி. பிராங்ஃபேர்ட்டோடு இங்கே 3:2 வெற்றி, அங்கே 0:1 தோல்வி. இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல் சமமானால் வெளி மைதானத்தில் கூட அடித்தவருக்கே கிண்ணம் என்பது அந்தக் காலத்துச் சட்டம். கிண்ணம் பிராங்ஃபேர்ட்டுக்குப் போனது. 1984இல் ஸ்டுட்கார்ட், ஹம்பேர்க், கிளாட்பாக் மூன்றும் ஒரே புள்ளியில் முடித்தன. கோல் வித்தியாசத்தில் கிளாட்பாக் மூன்றாவது. அதே 1984 ஜேர்மன் கிண்ண இறுதியில் பையர்ன் மியூனிக்கிடம் பெனால்டியில் தோல்வி. பையர்னுக்குப் போவதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்த லோதர் மத்தேயஸ் தன் பெனால்டியை மேலே தூக்கி அடித்தார். அதை இந்த ஊர் மன்னிக்கப் பல வருடம் எடுத்தது. 1985 நவம்பரில் ரியல் மாட்ரிட்டை 5:1 என்று வென்றார்கள். இரண்டு வாரம் கழித்து மாட்ரிட்டில் 4:0 தோல்வி. மொத்தம் 5:5. திரும்பவும் வெளி மைதானக் கோல்.

இவற்றை வரிசையாகப் படித்தபோது எனக்கு ஒரு கட்டத்தில் மூச்சு முட்டியது. அணி பலவீனமாக இருந்து தோற்றால் மனம் ஆறிவிடும். இவர் தோற்றதெல்லாம் சட்டப் புத்தகத்தின் அடிக்குறிப்புகளில்.

எட்டு வருடம் கிளாட்பாக்கில் இருந்து, ஒரு கிண்ணமும் இல்லாமல், 1987 கோடையில் பையர்ன் மியூனிக்குக்குப் போனார். நான் இந்த ஊருக்கு வந்த அதே கோடை. நண்பர் அந்த வருடம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததன் காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மியூனிக்கில் 1989, 1990 என்று இரண்டு லீக் பட்டங்கள். 1990 கொண்டாட்டத்தில் மாநகரசபை மண்டபத்து மாடத்தில் நின்று, அடுத்த வருடம் ஐரோப்பியக் கிண்ணத்தைக் கொண்டுவருவோம் என்று கீழே நின்ற கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்தார். அதற்குச் சில வாரம் முன்புதான் அரையிறுதியில் ஏசி மிலானிடம் தோற்றிருந்தார்கள். எப்படி என்று கேட்கத் தேவையில்லை, வெளி மைதானக் கோல். அடுத்த வருடமும் அரையிறுதி. பெல்கிரேடில் கடைசி நிமிடத்தில் கிளாவுஸ் ஔகென்தாலரின் காலில் பட்டு எழும்பிய பந்து, சொந்தக் கோல் காப்பாளரின் கைக்கு அகப்படாமல் வலைக்குள் போனது. வாக்கு நிறைவேறவில்லை. 1991 ஒக்டோபரில் வேலை போனது. அவரை அனுப்பியது தன் வாழ்நாளின் மிகப் பெரிய பிழை என்று பையர்னின் நிர்வாகி ஊலி ஹோனஸ் பிறகு பலமுறை சொன்னார். இருவரும் 1972இல் பிரசல்ஸில் நாடுகளுக்கிடையிலான ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற மேற்கு ஜேர்மன் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். பிழையை ஒத்துக்கொள்ளும் நிர்வாகிகள் அபூர்வம். இந்தக் கதையில் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒத்துக்கொள்ளல்தான் கதவு.

ஸ்பெயினில் அத்லெத்திக் பில்பாவோவில் இரண்டு வருடம் நல்ல பெயர் எடுத்தார். பதினெட்டு வயது ஹூலென் கெரேரோவைக் களத்தில் இறக்கியவர் அவர்தான். அங்கிருந்து பிராங்ஃபேர்ட். அந்த வருடத்தை நான் மறைக்க விரும்பவில்லை. 1994 டிசம்பரில் பயிற்சியில் சோம்பல் காட்டினார்கள் என்று யெபோவா, ஒகோச்சா, கௌடினோ என்ற மூன்று வீரர்களுக்கும் தண்டனையாகக் கூடுதல் ஓட்டம் விதித்தார். அவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு வரமறுத்தார்கள். யெபோவாவும் கௌடினோவும் இங்கிலாந்துக்குப் போனார்கள், சில மாதத்தில் ஹைன்கெஸும் போனார். கறுப்பின வீரர்கள் மைதானங்களில் பட்ட அவமதிப்பை அந்தக் காலத்தில் நேரில் பார்த்தவன் நான். யெபோவா பிராங்ஃபேர்ட்டுக்கு என்னவாக இருந்தார் என்பதும் தெரியும். ஹைன்கெஸின் பக்கம் ஒழுங்கு இருந்தது, கேட்கும் காது இருக்கவில்லை என்பதே என் எண்ணம். கோபம் வந்தால் முகம் சிவந்துவிடும் என்பதால் பழைய வீரர் ஒருவர் அவருக்கு 'ஒஸ்ராம்' என்று மின்குமிழ்ப் பெயர் வைத்திருந்தார். அந்தச் சிவப்பு முகத்தின் காலம் அது.

ஸ்பெயினின் தெனெரிஃபேயில் அவர் செய்தது அதிகம் பேசப்படாத நல்ல வேலை. ஒரு தீவுக் கழகத்தை லீக்கில் ஐந்தாம் இடத்துக்கும், 1997இல் யூஃபா கிண்ண அரையிறுதிக்கும் கொண்டுபோனார். அங்கிருந்து ரியல் மாட்ரிட். 1998 மே 20, அம்ஸ்டர்டாம். பழைய ஐரோப்பியக் கிண்ணத்தின் புதிய பெயரான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியில், யுவெந்துஸுக்கு எதிராக மியாதோவிச் 66ஆவது நிமிடத்தில் அடித்த ஒரே கோல். ரியல் மாட்ரிட் 32 வருடமாகக் காத்திருந்த கிண்ணம். லீக்கில் நாலாவதாக முடித்தார்கள் என்பதற்காகச் சில நாட்களிலேயே அவரை அனுப்பிவிட்டார்கள். முப்பத்திரண்டு வருடத் தாகத்தைத் தீர்த்தவனுக்குக் கதவைக் காட்டிய அந்தக் கழகத்தின் மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

பென்பிகா, திரும்பப் பில்பாவோ, ஷால்க. இவற்றில் நிற்க எனக்கு விருப்பமில்லை. 2006இல் கிளாட்பாக்குக்கே திரும்பி வந்தார். அதுதான் வலி. தொடக்கத்தில் சில வெற்றிகள், பிறகு அணி வெல்லவே இல்லை. வாரத்துக்கு வாரம் தோல்வி. கொலை மிரட்டல்கள் வரத் தொடங்கின, பொலிஸ் பாதுகாப்போடு நடமாட வேண்டியிருந்தது. அவர் பிறந்து வளர்ந்த ஊரில். 2007 ஜனவரி கடைசியில் பதவியை விட்டுப் போனார், அந்தப் பருவ முடிவில் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. எங்கள் தொழிற்சாலை அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது, இந்த ஊரின் மற்ற நெசவாலைகள் போலவே. ஓய்வூதியத்தில் இருந்த நண்பரைத் தேடிப் போனேன். வெட்கமாக இருக்கிறது என்றார். அவர் சொன்னது தோல்வியை அல்ல.

அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வயது 61. ஊருக்குப் பக்கத்தில் பண்ணை வீடு, மனைவி, நாய்.

2009 ஏப்ரலில் பயிற்சியாளர் கிளின்ஸ்மானை அனுப்பிய பையர்ன், மிச்சமிருந்த ஐந்து ஆட்டங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. ஹோனஸ் தன் பழைய நண்பரைக் கூப்பிட்டார். ஐந்தில் நான்கு வெற்றி, ஒன்று சமநிலை. அந்த ஐந்து வாரம் அவருக்குள் எதையோ திரும்ப எழுப்பிவிட்டது. அடுத்து லெவர்குசன். முதல் பருவத்தின் முதல் 24 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் கவனித்தது வேறு. மாற்றி எடுக்கப்பட்டு வெளியே வரும் இளம் பெடியன்களின் தோளில் கை போட்டுக் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிராங்ஃபேர்ட்டில் ஓடச் சொல்லித் தண்டித்த ஆள்தானா இது என்றிருந்தது. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் தன் தொழிலை மறுபடி முதலிலிருந்து கற்றிருக்கிறான்.

2011இல் திரும்பவும் பையர்ன். 2012இல் நடந்ததைச் சொல்ல இன்றைக்கும் கை தயங்குகிறது. லீக்கில் இரண்டாவது. ஜேர்மன் கிண்ண இறுதியில் டோர்ட்முண்டிடம் 5:2. கடைசியாக, மே 19, சொந்த மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. செல்சிக்கு எதிராக பையர்னுக்குக் கிடைத்த கோணர் உதைகள் இருபது. செல்சிக்கு ஒன்று. 83ஆவது நிமிடத்தில் தோமஸ் முல்லர் தலையால் கோல் அடித்தார். 88ஆவது நிமிடத்தில் அந்த ஒரே கோணரில் ட்ரோக்பா சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் ரொபனின் பெனால்டியைச் செல்சியின் கோல் காப்பாளர் செக் பிடித்தார். பிறகு பெனால்டி வரிசை. மூன்றாவது உதையைக் கோல் காப்பாளர் நொயரே வந்து அடிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே மற்றவர்களின் நிலை விளங்கும். ஷ்வைன்ஸ்டைகர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ட்ரோக்பா முடித்துவைத்தார். அந்த இரவில் நான் ஹைன்கெஸின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிவக்கவில்லை. வெளுத்திருந்தது.

67 வயதில் இப்படித் தோற்ற ஒருவர் அடுத்த நாள் காலையில் என்ன செய்வார்? அவர் வேலைக்குப் போனார். பில்பாவோவிலிருந்து ஹாவி மார்த்தினெஸை 40 மில்லியன் யூரோ கொடுத்து எடுக்க வைத்தார். அந்தத் தொகையைக் கேட்டு ஜேர்மனியே வாயைப் பிளந்தது. தடுப்புக்கு கிளாட்பாக்கிலிருந்து தாந்தே, முன்னுக்கு மஞ்சுகிச். அவற்றை விடப் பெரிய வேலை ஒன்றிருந்தது. 2012 அரையிறுதியின்போது உடை மாற்றும் அறையில் ரிபெரி, ரொபனின் முகத்தில் அடித்தார் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. ஐரோப்பாவின் மிகச் சிறந்த இரண்டு விங்கர்கள், ஒருவரையொருவர் சகிக்க முடியாதவர்கள். இந்த இருவரும் அடுத்த பருவத்தில் பந்து போனால் சொந்தப் பெனால்டிக் கோடுவரை திரும்பி ஓடிவந்து எதிராளியை மறித்தார்கள். தண்டனை ஓட்டத்தால் அதைச் செய்விக்க முடியாது. அதற்கு வேறு ஏதோ வேண்டும். அதை அந்தச் சாந்து பூசியவர் கண்டுபிடித்திருந்தார்.

2013 ஜனவரியில் அடுத்த பருவத்துக்குப் பயிற்சியாளராக குவார்டியோலா வருகிறார் என்று கழகம் அறிவித்தது. ஹைன்கெஸ் அசையவில்லை. ஏப்ரல் 6ஆம் திகதியே லீக் கையில். முடிவில் 91 புள்ளிகள், இரண்டாவது அணியைவிட 25 அதிகம். சாம்பியன்ஸ் லீக்கில் ஆர்சனலை லண்டனில் 3:1 என்று வென்று, மியூனிக்கில் 0:2 என்று தோற்றார்கள். மொத்தம் 3:3. வெளி மைதானக் கோலால் பையர்ன் முன்னேறியது. அன்றிரவு நான் கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். 1980, 1985, 1990 என்று அவரிடமிருந்து பறித்துக்கொண்டே இருந்த அந்தச் சட்டம் ஒருமுறை திருப்பிக் கொடுத்திருந்தது. அரையிறுதியில் பார்சலோனாவை 4:0, 3:0.

மே 25, லண்டன் வெம்பிளி மைதானத்தில் இறுதி. எதிரே டோர்ட்முண்ட். மஞ்சுகிச் ஒன்று, குண்டோகனின் பெனால்டி ஒன்று, 1:1. 89ஆவது நிமிடத்தில் நீளமாக வந்த ஒரு பந்தை ரிபெரி குதிகாலால் பின்பக்கம் தட்டிவிட்டார். ஓடிவந்தவர் ரொபன். பந்து கோல் காப்பாளரைத் தாண்டி மெதுவாக, மிக மெதுவாக உருண்டு உள்ளே போனது. முந்தின வருடம் பெனால்டியைத் தவறவிட்டவர், தன் முகத்தில் அடித்தவரிடமிருந்தே பந்தை வாங்கிப் போட்ட கோல் அது. மாடத்தில் நின்று கொடுத்த வாக்கு இருபத்திரண்டு வருடம் பிந்தி நிறைவேறியது. ஒரு வாரம் கழித்து பேர்லினில் ஸ்டுட்கார்ட்டை 3:2 என்று வென்று ஜேர்மன் கிண்ணத்தையும் எடுத்தார்கள். ஒரே பருவத்தில் மூன்றும் எடுத்த முதல் ஜேர்மன் கழகம்.

2017இல் 72 வயதில் இன்னொரு முறை கூப்பிட்டார்கள், போனார். டோர்ட்முண்டுக்கு ஐந்து புள்ளி பின்னால் இருந்த அணியை 21 புள்ளி வித்தியாசத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் மொத்தத்தில் ஒரு கோலால் தோற்றார்.

எனக்கு மறக்க முடியாத நாள் வெம்பிளிக்கு ஒரு வாரம் முந்தியது. 2013 மே 18. பருவத்தின் கடைசி லீக் ஆட்டம். அட்டவணை போட்டவர்கள் அறிந்து செய்தார்களோ தெரியாது, பையர்ன் வந்தது மொன்ஷன்கிளாட்பாக்கிற்கு. வீரராகவும் பயிற்சியாளராகவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூண்டஸ்லீகா ஆட்டங்களைக் கண்டவர், இதோடு விடைபெறுகிறார் என்று எல்லோரும் நம்பிய நாள். நண்பரும் நானும் அவருடைய வீட்டில் வானொலியைப் போட்டுவிட்டு இருந்தோம். அவருக்கு எழுபது தாண்டியிருந்தது, இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்திருந்தார், மைதானத்துப் படிகள் ஏற முடியாது. கிளாட்பாக் 3:1 என்று முன்னால் நின்றது. பிறகு பையர்ன் திருப்பி அடித்து 4:3 என்று வென்றது. வேறு எந்த நாளிலும் வானொலியை அணைத்துவிட்டுத் திட்டியிருப்பார். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் தொலைக்காட்சியில் செய்தியாளர் சந்திப்பைக் காட்டினார்கள். ஹைன்கெஸ் பேசத் தொடங்கினார். இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் குரல் அடைத்தது. கண்ணைத் துடைத்தார். திரும்பப் பேச முயன்றார், முடியவில்லை.

ஆறு வருடம் முன்பு பொலிஸ் பாதுகாப்போடு இந்த ஊரை விட்டுப் போனவர். நண்பர் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"வந்திட்டுத்தான் போறான்."

எழுந்து, பொல்லை ஊன்றிக்கொண்டு, தேநீர் போடக் குசினிக்குள் போனார்.